ஆலய உச்சியில் வந்த நினைப்பு

தவக்காலம் முதல் ஞாயிறு மறையுரை
நற்செய்தி: மத்தேயு 4:1-11



இன்றைய நற்செய்தியில் மூன்று சோதனைகளைக் கேட்டோம். கல்லை அப்பமாக்குவது பற்றியும் உலக அரசுகள் பற்றியும் தவக்காலந்தோறும் மறையுரை கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை நடுவில் இருக்கும் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நம் ஆண்டவர் நிற்கிறார். இங்கிருந்து கீழே குதி என்கிற பேச்சு அவர்முன் வைக்கப்படுகிறது.

வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். நாற்பது நாள் பட்டினி கிடந்த உடம்பு, தலை சுற்றும் உயரம், அங்கே குதிக்கச் சொல்லும் ஒரு தூண்டுதல். அது வந்தது. அவர் அதைக் கேட்டார். கேட்டதால் அவருக்குப் பாவம் வரவில்லை, அவருடைய தூய்மை ஒரு துளிகூடக் குறையவில்லை. நாம் படுகிற சோதனை எதுவும் அவருக்குத் தெரியாததல்ல என்றும், பாவம் மட்டுமே அவரிடம் இல்லை என்றும் எபிரேயர் திருமுகத்தின் நான்காம் அதிகாரம் நமக்குக் கற்றுத்தருகிறது. நினைப்பு வருவது ஒன்று, பாவம் செய்வது வேறொன்று. இந்த வேறுபாடு தெரியாமல் நம் பங்குகளில் எத்தனையோ பேர் வருடக்கணக்காக உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

நீங்கள் எல்லாரும் ஏற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். பகோடா பாயின்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கும்போது, சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனதுக்குள் ‘குதித்தால் என்ன?’ என்று ஏதோ ஒன்று மின்னிவிட்டுப் போயிருக்கும். சட்டென்று இரண்டடி பின்னால் வந்திருப்பீர்கள். வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொல்லியிருக்கமாட்டீர்கள். 2012-இல் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மாணவர்களிடம் நேராகவே கேட்டார்கள். தற்கொலையைப் பற்றி வாழ்நாளில் ஒருமுறைகூட யோசிக்காதவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர், உயரத்தில் நிற்கும்போது குதிக்கத் தோன்றியதுண்டு என்றார்கள். அவர்கள் தந்த விளக்கம் இது: விளிம்பைக் கண்டதும் உடம்பு உயிரைக் காத்துக்கொள்ளப் பின்வாங்குகிறது. ஏன் பின்வாங்கினோம் என்று விளங்காத மனம், குதிக்க நினைத்தேன் போலிருக்கிறது என்று பிறகு ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறது. வாழத் துடிக்கிற உடம்பின் எச்சரிக்கையைச் சாக ஆசை என்று எடுத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலானவர்களுக்கு அது அன்றோடு போய்விடும். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவார்கள். சிலருக்குப் போகாது. நானா இப்படி நினைத்தேன், நான் என்ன பிறவி என்று அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு உருட்டுவார்கள். உருட்ட உருட்ட அது பெரிதாகும்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதுவும் இந்தப் பீடத்துக்கு வராது. அது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது பங்கு இல்லத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள், “பேரு சொல்லாம சொல்லுங்க சாமி, இன்னொருத்தருக்கு உதவட்டும்” என்று அனுமதி தந்தவை மட்டும்.

ஒருவர் லாரி ஓட்டுகிறார். வடநாட்டு லோடு ஏற்றிப் பழகிய கை. இரவில் தர்மபுரியிலிருந்து இறங்கி வரும்போது தொப்பூர் கணவாயில் சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்குகிறது. கல்லாக இருக்கும், கிழிந்த டயர்த் துண்டாக இருக்கும். ‘ஆளாக இருந்தால்?’ என்று மனம் கேட்கிறது. வண்டியை ஓரங்கட்டுகிறார். செல்போன் வெளிச்சத்தில் முன்சக்கரம் இரண்டையும் குனிந்து பார்க்கிறார். பம்பருக்கு அடியில் கைவிட்டுத் தடவி, விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார். கிரீஸ்தான். வந்த வழியே நடந்துபோய் ரோட்டோரப் புதரையும் பார்த்துவிட்டு வந்து வண்டி எடுக்கிறார். ஓமலூர் வருவதற்குள் மறுபடியும் அதே நினைப்பு. “புதருக்கு அந்தப் பக்கம் நான் பாக்கலீங்களே சாமி” என்கிறார். மறுநாள் டீக்கடையில் தினத்தந்தியை விரித்து, தொப்பூர் விபத்துச் செய்தி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பத்தியாகத் தேடுகிறார். இல்லை என்றதும் நிம்மதி, அடுத்த லோடு வரைக்கும். இத்தனைக்கும் அவர் வண்டியில் இதுவரை ஒருவருக்கும் சிராய்ப்புகூட ஆனதில்லை.

இன்னொருவர் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண். காய் அரிய உட்கார்ந்தபோது, சேலைத் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அரிவாள்மனையைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்து மனதில் ஒரு காட்சி வந்தது. அதை நான் இங்கே சொல்லவேண்டியதில்லை. அன்றிலிருந்து அரிவாள்மனையை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டமாட்டேன் என்கிறாள், தனியாகக் குழந்தையோடு ஒரு நிமிடம் இருக்கமாட்டேன் என்கிறாள். பெற்ற தாய்க்கு விஷயம் தெரியாது, மகள் சோம்பேறி ஆகிவிட்டாள் என்று வருத்தம். அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி: “நான் பேயாயிட்டனுங்களா சாமி?” கனடாவில் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் ஆய்வாளர்கள் இதைக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப்பேர், குழந்தையைத் தாங்களே ஏதாவது செய்துவிடுவதுபோல வேண்டாத நினைப்பு வந்ததாகச் சொன்னார்கள். நல்ல தாய்மார்தான் அத்தனை பேரும். காப்பாற்றத் துடிக்கிற மனம்தான், என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று ஒன்றுவிடாமல் தேடுகிறது. தேடும்போது தன் கையையும் விட்டுவைப்பதில்லை.

மூன்றாவது வகை இந்தக் கோவிலுக்குள்ளேயே நடப்பது. நற்கருணையை நான் உயர்த்திக் காட்டும் நேரம், தேவதாயின் சுரூபத்தைப் பார்க்கும் நேரம், வாயில் வைத்துச் சொல்லமுடியாத அசிங்கமான நினைப்பு ஒன்று குறுக்கே ஓடும். அதற்குப் பயந்து வருடக்கணக்கில் நற்கருணை வாங்காமல் கடைசி வரிசையில் நின்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் அவர்களைப் பக்தியில்லாதவர்கள் என்கிறது. பக்தியில்லாதவனுக்கு இந்த நினைப்பு வந்தால் அவன் கவலைப்படப்போவதில்லை. எது உங்களுக்கு மிகமிக அருமையோ அதைத்தான் இந்த நினைப்பு கடிக்கும். ஓட்டுநருக்கு மனித உயிர், தாய்க்குப் பிள்ளை, பக்தனுக்கு ஆண்டவர். இப்படிப்பட்ட ஒருவர் அழுதுகொண்டு என் முன்னால் உட்காரும்போது, அவர் எதை நேசிக்கிறார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

இப்போது உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். மாற்கு ஏழாம் அதிகாரத்தில், உள்ளத்திலிருந்து வரும் தீய எண்ணங்கள்தான் மனிதரைத் தீட்டுப்படுத்துகின்றன என்று ஆண்டவரே சொல்லவில்லையா? பெண்ணை இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்று மலைப்பொழிவில் சொல்லவில்லையா? சொன்னார். அதில் ஒரு எழுத்தையும் நான் குறைக்கவில்லை. வரப்புத் தகராறில் பங்காளியை எப்படிக் கவிழ்க்கலாம் என்று இரவு முழுக்கக் கணக்குப் போட்டு, அதில் ஒரு ருசியும் கண்டு, காலையில் அவனைப் பார்த்துச் சிரிக்கிற மனிதன் இருக்கிறானே, ஆண்டவர் சொன்னது அவனுக்கு. அவன் அந்த எண்ணத்துக்குப் பாய் விரித்துச் சோறு போடுகிறான். அவனுக்கு நடுக்கமும் இல்லை, தூக்கமும் கெடுவதில்லை. நடுங்குகிறவர்களுக்கு அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

திருச்சபையின் போதனை இதில் மிகத் தெளிவானது. ஞாயிறு மறைக்கல்வியில் நீங்கள் படித்ததுதான். சாவான பாவம் என்றால் மூன்றும் ஒருங்கே இருக்கவேண்டும்: காரியம் கனமானது, முழு அறிவோடு செய்தது, முழு மனதோடு சம்மதித்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1857-ஆம் எண்ணில் இது இருக்கிறது. அழையாமல் வந்து, அருவருப்பைத் தந்து, விரட்டினாலும் போகாமல் நிற்கும் ஒன்றில் சம்மதம் எங்கே இருக்கிறது?

புனித இஞ்ஞாசியாரைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். பம்ப்லோனா கோட்டையில் 1521-இல் குண்டடிபட்டு, மனம் திரும்பி, அடுத்த வருடம் மொன்செராத் மலைக்குப் போனார். வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்து மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதோடு முடிந்திருக்கவேண்டும். மன்ரேசா என்ற ஊருக்கு வந்து தங்கியதும் ஆரம்பித்தது. அந்தப் பாவத்தைச் சரியாகச் சொன்னேனா, இதை விட்டுவிட்டேனோ என்று ஐயம். போய்ச் சொல்வார். திரும்பி வந்ததும் இன்னொன்று. பழையதை இனிச் சொல்லவேண்டாம், மிகத் தெளிவாக இருந்தால் மட்டும் சொல் என்றார் ஆன்ம குரு. அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத்தான் இருந்தது! தினம் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டு ஜெபித்தார். ஒரு ஞாயிறிலிருந்து மறு ஞாயிறு வரை ஒன்றும் உண்ணாமல் இருந்தார். எதுவும் உதவவில்லை. சாமிநாதர் சபைத் துறவிகள் கொடுத்திருந்த அவருடைய அறையில், ஜெபிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய குழி ஒன்று இருந்தது. அதில் விழுந்து செத்துவிடு என்ற தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தது. உமக்கு விரோதமாக எதுவும் செய்யமாட்டேன் ஆண்டவரே என்று அலறினார்.

கடைசியில் அவர் கண்ட வழி என்ன? இன்னொரு பாவசங்கீர்த்தனம் அல்ல. இன்னும் கடுமையான நோன்பும் அல்ல. இந்த ஐயங்கள் எங்கே கொண்டுபோய்விடுகின்றன என்று பார்த்தார். செத்துப்போ என்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது கடவுளின் ஆவியாக இருக்கமுடியாது என்று கண்டுகொண்டார். இனிப் பழைய பாவங்களில் ஒன்றையும் மறுபடி சொல்வதில்லை என்று தீர்மானித்தார். உள்ளே ஐயம் தீர்ந்த பிறகு எடுத்த முடிவாக அது எனக்குத் தோன்றவில்லை. ஐயம் கூவிக்கொண்டிருக்கும்போதே அதற்கு வேலை செய்வதை நிறுத்தினார். பிற்பாடு தன் ஆன்மீகப் பயிற்சிகளில் இதற்கென்றே தனிக் குறிப்புகளை எழுதிவைத்தார். வைக்கோல் துரும்பு சிலுவைபோலக் கிடக்க, அதைத் தற்செயலாக மிதித்தவன் பாவம் செய்துவிட்டேன் என்று தவிப்பதை அதில் காட்டுகிறார்.

அன்றைக்கு மன்ரேசாவில் அந்தக் குழியில் அவர் விழுந்திருந்தால் 1540-இல் இயேசு சபை பிறந்திருக்காது. அந்தச் சபையின் இராபர்ட் தெ நொபிலி, நம் தத்துவ போதகர், 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்திருக்கமாட்டார். நம் மண்ணில் விழுந்த விதை, வேண்டாத நினைப்பால் சாவின் விளிம்பில் தவித்த ஒரு மனிதரின் கையிலிருந்து வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் மட்டுமல்ல. குழந்தை இயேசுவின் தெரசாள் பன்னிரண்டு வயதில் தியானம் ஒன்றில் தொடங்கிய இந்த நோயில் ஒன்றரை வருடம் தவித்தார், அக்காள் மரியாளிடம் தினமும் அழுதார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கெல்லாம் பாதுகாவலரான புனித அல்போன்ஸ் லிகோரி, முதுமைவரை இதனோடு போராடினார். சீர்திருத்த சபையில் ஜான் பனியன், கிறிஸ்துவை விற்றுவிடு என்று இரவும் பகலும் உள்ளே கேட்ட நினைப்பைப் பற்றி 1666-இல் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய மோட்ச பயண நூலைத்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார்.

இனி ஆலய உச்சிக்குத் திரும்புவோம். அங்கே சோதிக்கிறவன் சாகச் சொல்லவில்லை, நிரூபிக்கச் சொல்கிறான். நீ இறைமகன்தானே, குதித்துப் பார், தூதர்கள் தாங்குகிறார்களா என்று உறுதி செய்துகொள் என்கிறான். தவிக்கிற மனம் கேட்பதும் இதைத்தானே? வண்டியைத் திருப்பிப்போய்ப் பார்த்து உறுதி செய். சாமியிடம் மறுபடி கேட்டு மன்னிப்பு உறுதியா என்று பார். குழந்தைமீது உண்மையிலேயே பாசம் இருக்கிறதா என்று நெஞ்சைத் தொட்டுப் பரிசோதனை செய். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு குதிப்பு. குதித்தால் ஒரு நிமிடம் நிம்மதி, பிறகு அதைவிட உயரமான இன்னொரு உச்சி. ஆண்டவர் அந்த நிரூபணத்தை மறுத்தார். தந்தையைச் சோதித்துப் பார்க்கமாட்டேன் என்றார். சான்று கேட்காமல் அந்த உச்சியில் நின்றார். அவர் காட்டிய நம்பிக்கை இது: உறுதி கையில் இல்லாதபோதும் தந்தையை விட்டு நகராமல் இருப்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று சோதனைக்கும் மறைநூல் வார்த்தையை அவர் ஒவ்வொரு முறைதான் சொன்னார். சொல்லி விட்டுவிட்டார். நம்மில் சிலர் கெட்ட நினைப்பு வந்ததும் அதை அழிக்க ஒரு அருள்நிறை மரியே, அது சரியாகச் சொல்லப்படவில்லை என்று இன்னொன்று, எண்ணிக்கை தவறியது என்று முதலிலிருந்து, இப்படி இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறார்கள். அது ஜெபம்போலத் தெரியும், ஆனால் பயத்துக்குக் கட்டுகிற வட்டி. அசல் குறையவே குறையாது.

மருத்துவர்களும் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1978-இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மன் என்பவரும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும், நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இப்படிப்பட்ட நினைப்புகள் வருமா என்று விசாரித்தார்கள். ஐந்தில் நான்கு பேர் வரும் என்றார்கள். நோயாளியின் நினைப்பையும் மற்றவர் நினைப்பையும் எழுதிக் கலந்துவைத்தால், எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. 2014-இல் ஆறு கண்டங்களில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 மாணவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குக் கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது வந்திருந்தது. ஆக, இந்தக் கோவிலில் உட்கார்ந்திருக்கும் அநேகமாக எல்லாருக்கும். பீடத்தில் நிற்கிற எனக்கும்.

நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நினைப்பு ஒட்டிக்கொண்டு, நாளின் பல மணி நேரத்தைத் தின்று, தொழிலையும் குடும்பத்தையும் கெடுக்கிறது. அதை எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்கிறார்கள். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், இடையில் நிறுத்தக்கூடாது. மருந்தோடு ஒரு பயிற்சியும் இருக்கிறது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் அதன் முதல் முயற்சியை வெளியிட்டார். பயமுறுத்தும் நினைப்பை வரவிட்டு, அதற்காக வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பாமல் ஓமலூரைத் தாண்டுவது. தாய் அரிவாள்மனையை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, பிள்ளை பக்கத்தில் சிணுங்கும்போதே வெண்டைக்காய் அரிவது. முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் விருந்தாளிக்கு இரவெல்லாம் தூக்கம் வராது, அந்த வீட்டுக் குழந்தை தறிக்கடியிலேயே தூங்கும். தறி நின்றால்தான் தூங்குவேன் என்று அது அடம்பிடிப்பதில்லை. உள்ளே ஓடுகிற சத்தத்தோடும் அப்படிப் பழகமுடியும்.

எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த முற்காலத் துறவிகளுக்கும் இது தெரிந்திருந்தது. நினைப்புகள் அலைக்கழிக்கின்றன என்று வந்த இளைஞனை முதியவர் போய்மேன் வெளியே கூட்டிப்போய், காற்றைப் பிடித்து நிறுத்து பார்க்கலாம் என்றாராம். முடியாது என்றான். அதுபோல நினைப்பு வருவதையும் நிறுத்தமுடியாது, அதன் பின்னால் போகாமல் இருப்பதுதான் உன் வேலை என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த நினைப்பு வருகிறவர்களைப் பேய் பிடித்தது, சாத்தான் பேசுகிறான் என்று கத்தி ஜெபிக்கிற இடங்களுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே தான் பேயோ என்று பயப்படுகிறவருக்கு, ஆமாம் நீ பேய்தான் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குச் சமம் அது. பேயோட்டுதல் ஆயரின் தனி அனுமதியில்லாமல் எந்தக் குருவும் செய்யக்கூடாதது. உளநோய் மருத்துவத்தின் காரியம் என்றும், முதலில் அதைப் பிரித்தறியவேண்டும் என்றும் நம் மறைக்கல்வி 1673-ஆம் எண்ணில் சொல்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். வெளியே போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு வீட்டிலிருந்தே பேசலாம், காசில்லை, தமிழில் பேசலாம். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு அல்ல. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுத்தானே பூசைக்கு வருகிறோம்?

வேறு ஒன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை, செத்தால் போதும் என்று ஒருவர் உண்மையிலேயே விரும்பி, அதற்கு வழி பார்க்கத் தொடங்கினால், காதில் குரல் கேட்கிறது, அது கட்டளையிடுகிறது என்றால், பிள்ளை பெற்றவள் தூக்கமில்லாமல் தடுமாறி, குழந்தை சாபக்கேடு என்று நம்பத் தொடங்கினால், அது வேண்டாத நினைப்பு அல்ல. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தனியாக விடாதீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒருவர் ‘நான் தப்பு செஞ்சிருப்பேனா, நான் கெட்டவளா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால், பாசத்தில் நூறு முறை ‘இல்லை கண்ணு’ என்று பதில் சொல்லாதீர்கள். ஒருமுறை சொல்லுங்கள். அடுத்த முறை, ‘இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன், ஆனா உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்’ என்று சொல்லி உட்காருங்கள். மருமகள் பயந்துபோய் இப்படி ஒரு நினைப்பைச் சொன்னால், மாமியார்மார்களே, ஐயோ என்று பிள்ளையைப் பிடுங்காதீர்கள். டாக்டரிடம் போய்வரும்வரை கூடவே இருங்கள், டாக்டர் சரி என்றதும் பிள்ளையை அவள் மடியிலேயே வையுங்கள். அது அவளுக்கு எந்த மாத்திரையிலும் கிடைக்காத மருந்து.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் உங்களில் இந்தத் துன்பம் உள்ளவர்களுக்கு: இந்தத் தவக்காலத்தில் உங்கள் தவமுயற்சி நோன்பு அல்ல. உங்களுக்கென்று ஒரே ஒரு குருவை வைத்துக்கொள்ளுங்கள். அவர் குறித்துக் கொடுக்கிற நாளில் வாருங்கள், இடையில் வரவேண்டாம். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவேண்டாம். சொல்ல மறந்ததோ என்ற ஐயம் வந்தால் ஐயத்தோடேயே நற்கருணை வாங்குங்கள். உங்களுக்கு இது பட்டினி கிடப்பதைவிடக் கடினமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

இப்போது விசுவாசப் பிரமாணம் சொல்லப்போகிறோம். நம்புகிறேன் என்று சொல்லும்போதே நம்பவில்லை என்று உள்ளே ஒன்று எதிர்த்துச் சொல்லும் சிலருக்கு. நிறுத்தவேண்டாம், பல்லைக் கடிக்கவேண்டாம், முதலிலிருந்து தொடங்கவேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் குரலோடு சேர்ந்து ஒரே ஒருமுறை கடைசிவரை சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுந்து நிற்போம்.